கொரியப் போரும் 1952 அமெரிக்கத் தேர்தலும்: பழமைவாதிகளின் மூன்று குரல்கள்

முன்னுரை

தேர்தல் என்பது மக்கள் தம் ஆட்சியாளரைத் தெரிந்தெடுக்கும் நாள். ஆட்சியாளர் செய்தவற்றுக்குக் கணக்குக் கேட்கும் நாளும் அதுவே. அமைதிக் காலத்தில் அந்தக் கணக்கு வரி, விலைவாசி, வேலைவாய்ப்பு என்ற அளவில் முடிந்துவிடும். போர்க் காலத்தில் நடைபெறும் தேர்தலிலோ மனித உயிர்களும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. "எங்கள் பிள்ளைகளை எதற்காக அனுப்பினீர்கள்? எப்போது திருப்பி அழைப்பீர்கள்?" என்று கேட்கும் தாய் தந்தையருக்கு வேட்பாளர் விடை சொல்லியாக வேண்டும். அந்த விடை தெளிவாகக் கிடைக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய முற்படும் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக 1952ஆம் ஆண்டு நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்கிறேன்.

வரலாறு பயிலும் நமக்குக் கொரியப் போர் புதிதன்று. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கும் வியட்நாம் போருக்கும் இடையில் சிக்கிக்கொண்டதால் அது ஓரிரு பக்கங்களோடு நம் பாடத்தில் கடந்து போய்விடுகிறது. அப்போர் அமெரிக்காவின் பழமைவாதிகளிடையே எழுப்பிய பெரும் விவாதம் அந்த ஓரிரு பக்கங்களிலும் இடம் பெறுவதில்லை. அவ்விவாதத்தில் எழுந்த ஒரு கேள்வி இன்றும் விடை காணாமல் நிற்கிறது என்பதே நான் இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

பழமைவாதி என்பவர் யார்?

பழமைவாதி என்றவுடன் பழைய பழக்க வழக்கங்களை விடாது பற்றிக்கொண்டிருப்பவர் என்ற எண்ணமே நமக்கு எழும். அமெரிக்க அரசியலில் இச்சொல்லுக்குரிய பொருள் சற்று வேறு. அரசின் அதிகாரம் ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும், வரியும் செலவும் குறைய வேண்டும், அரசியலமைப்பின் எழுத்து மதிக்கப்பட வேண்டும், பொதுவுடைமையை எதிர்க்க வேண்டும் என்ற நான்கும் அக்காலத்துப் பழமைவாதிகளின் அடிப்படைக் கொள்கைகள் எனலாம். இவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர்.

உள்நாட்டில் இந்த நான்கு கொள்கைகளும் ஒன்றோடொன்று இணைந்தே சென்றன. வெளிநாட்டுக் கொள்கையில்தான் முரண்பாடு தோன்றியது. பொதுவுடைமையை உலகெங்கும் எதிர்ப்பதாயின் பெரும்படை வேண்டும். பெரும்படைக்குப் பெருஞ்செலவு வேண்டும். பெருஞ்செலவுக்குப் பெருவரி வேண்டும். இவை யாவும் குடியரசுத் தலைவரின் கையில் பேரதிகாரத்தைக் குவிக்கும். ஆகவே நான்காம் கொள்கையை முழுமையாகப் பின்பற்றினால் முதல் மூன்றும் தளரும். எதை முதலில் வைப்பது என்பதில்தான் பழமைவாதிகள் மூன்றாகப் பிரிந்தனர்.

போர் வந்த வழி

இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், கொரியா 38ஆம் இணைகோட்டை ஒட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே சோவியத் யூனியனின் செல்வாக்கும் தெற்கே அமெரிக்காவின் செல்வாக்கும் நிலைபெற்றன. 1950 ஜனவரி 12ஆம் நாள் வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன் ஆற்றிய உரையில், ஆசியாவில் அமெரிக்கா காக்க வேண்டிய எல்லைக்கோட்டை வரைந்து காட்டினார். அக்கோட்டுக்குள் ஜப்பானும் பிலிப்பைன்சும் இருந்தன, கொரியா இல்லை. பிற்காலத்தில் குடியரசுக் கட்சியினர் இவ்வுரையைச் சுட்டிக்காட்டி, பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் இவரே என்று சாடினர். ஆயின் அதே ஜனவரித் திங்களில் கொரியாவுக்கு உதவி வழங்கும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தோற்றது என்பதையும், அதற்கு எதிரான வாக்குகளில் பெரும்பாலானவை குடியரசுக் கட்சியினருடையவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1950 ஜூன் 25ஆம் நாள் வடகொரியப் படைகள் எல்லை கடந்தன. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் யூனியன் அப்போது கலந்துகொள்ளாதிருந்தமையால் தென்கொரியாவுக்கு உதவுமாறு தீர்மானம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் ஜூன் 27இல் விமானப் படைக்கும் கப்பற்படைக்கும், ஜூன் 30இல் தரைப்படைக்கும் ஆணையிட்டார். அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் உரிமை காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுச் சட்டமன்றத்திற்கே உரியது. ட்ரூமனோ காங்கிரசின் இசைவைக் கேட்கவில்லை. இது போரன்று, ஐ.நா.வின் காவல் நடவடிக்கை என்ற விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டார். பெயர் எதுவாயினும் அதில் உயிர் நீத்த அமெரிக்கர் 36,000க்கும் மேற்பட்டோர். கொரியரும் சீனரும் இழந்த உயிர்கள் அதனினும் பன்மடங்கு.

முதற்குரல்: டாப்ட்

ஓகியோ மாநிலத்து செனட்டர் ராபர்ட் டாப்ட் முன்னாள் குடியரசுத் தலைவர் வில்லியம் டாப்டின் மகன். குடியரசுக் கட்சியின் மறுபெயர் என்றே போற்றப்பட்டவர். போர் தொடங்கிய மூன்றாம் நாள், அதாவது 1950 ஜூன் 28இல், செனட் சபையில் எழுந்து அவர் பேசிய பேச்சு மிகவும் சிறப்பு வாய்ந்தது. தென்கொரியாவுக்கு உதவுவதை அவர் எதிர்க்கவில்லை. அதற்கென ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் தாமே ஆதரித்து வாக்களிப்பதாகவும் கூறினார். ஆனால் காங்கிரசைக் கேளாமல் போரில் இறங்கக் குடியரசுத் தலைவருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று அவர் அடித்துக் கூறினார். இன்று கொரியாவில் இதனை ஒப்புக்கொண்டால் நாளை உலகில் எந்த நாட்டிலும் ஒருவர் விருப்பப்படி போர் நடத்த முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

டாப்டின் கருத்துகள் கொரியாவோடு நிற்கவில்லை. 1949இல் வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த பதின்மூன்று செனட்டர்களில் அவரும் ஒருவர். 1950 டிசம்பர் 20இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் ஒரு வானொலி உரை நிகழ்த்தினார். ஐரோப்பிய நாடுகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முன்வரும் வரை அமெரிக்கா ஆளும் பணமும் அனுப்பலாகாது, இரு பெருங்கடல்களையும் காத்து நின்றாலே போதும் என்றார் அவர். அடுத்த சில திங்களில் ஐரோப்பாவுக்கு நான்கு படைப்பிரிவுகளை அனுப்புவது பற்றி செனட் சபையில் பெரும் விவாதம் மூண்டது. 1951 ஏப்ரலில் அந்த நான்கு பிரிவுகளுக்கு இசைவளித்த செனட், மேலும் அனுப்புவதாயின் காங்கிரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்தே பதிவு செய்தது. டாப்ட் தரப்பினரின் முயற்சிக்குக் கிடைத்த சிறு பயன் இது.

எனினும் டாப்டும் முரண்பாட்டுக்கு விலக்கானவர் அல்லர். 1951இன் தொடக்கத்தில் கொரியாவிலிருந்து பின்வாங்குவதே நலம் என்ற போக்கில் பேசியவர், சில திங்கள் கழித்து மெக்கார்தர் பதவி இழந்தபோது அவருடைய தீவிரத் திட்டத்தை ஆதரித்தார். அடக்கம் வேண்டும் என்ற கொள்கையும், கட்சியின் அன்றைய அலையும் அவரை இரு திசைகளில் இழுத்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் குரல்: மெக்கார்தர்

1950 செப்டம்பர் 15இல் இஞ்சோன் துறைமுகத்தில் படையிறக்கிப் போரின் போக்கையே மாற்றியவர் படைத்தலைவர் டக்ளஸ் மெக்கார்தர். அவர் படைகள் வடக்கே சீன எல்லையை நெருங்கியபோது சீனப் படைகள் பெருந்திரளாக இறங்கின. 1951 ஜனவரியில் சியோல் நகரம் மீண்டும் வீழ்ந்தது; மார்ச்சில் மீட்கப்பட்டது. சீனாவின் மீதே குண்டு வீச வேண்டும், அதன் கடற்கரையை முற்றுகையிட வேண்டும், தைவானிலுள்ள சியாங் கே ஷேக்கின் படைகளைப் பயன்படுத்த வேண்டும் என்பன மெக்கார்தரின் கோரிக்கைகள். போரில் வெற்றிக்கு மாற்று இல்லை என்பது அவர் கொள்கை.

இக்கருத்துகளை அவர் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜோசப் மார்ட்டினுக்குக் கடிதமாக எழுத, அது ஏப்ரல் 5இல் சபையில் படிக்கப்பட்டது. ஆறு நாள் கழித்து ட்ரூமன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நாடு கொதித்தது. ஏப்ரல் 19இல் காங்கிரசின் இரு சபைகளின் முன் மெக்கார்தர் ஆற்றிய உரை மக்களை உருக்கியது. கலிபோர்னிய செனட்டர் வில்லியம் நோலந்து போன்றோர் இக்குரலின் முன்னணியில் நின்றனர். ஐரோப்பாவைக் காட்டிலும் ஆசியாவே முதன்மையானது, 1949இல் சீனா பொதுவுடைமையர் வசமானது ட்ரூமன் அரசின் தவற்றினாலேயே என்பன இவர்களின் நம்பிக்கைகள்.

இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதற்குரலினர் ட்ரூமனைக் குறை கூறியது அவர் அளவுக்கு மீறிச் சென்றார் என்பதற்காக. இரண்டாம் குரலினர் குறை கூறியது அவர் போதிய அளவு செல்லவில்லை என்பதற்காக. ஆனால் இரு சாராரும் ஒரே மேடையில் நின்று ஒரே மனிதரை ஏசியபோது, கேட்பவர் காதில் அது ஒரே குரலாக ஒலித்தது.

மூன்றாம் குரல்: ஐசனோவரும் டல்லசும்

நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயி, செனட்டர் ஹென்றி கபாட் லாட்ஜ் முதலியோர் கிழக்குக் கடற்கரையைச் சார்ந்த மூன்றாம் பிரிவினர். ஐரோப்பிய நாடுகளோடு கூட்டு இல்லாமல் அமெரிக்காவுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது இவர்கள் துணிபு. இவர்கள் நாடியவர் இரண்டாம் உலகப் போரின் வீரர் டுவைட் ஐசனோவர்.

ஐசனோவர் தம் நினைவுக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். வட அட்லாண்டிக் கூட்டுப் படைக்குத் தலைமை ஏற்கச் செல்லுமுன் அவர் டாப்டைத் தனியே சந்தித்தார். ஐரோப்பாவின் கூட்டுப் பாதுகாப்பை ஆதரிப்பதாக டாப்ட் உறுதி கூறியிருந்தால், தாம் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவிக்க எண்ணி அறிக்கையையும் எழுதி வைத்திருந்தார். டாப்ட் உறுதி தரவில்லை. அவர் சென்ற பின் ஐசனோவர் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் வித்து வெளிநாட்டுக் கொள்கையிலேயே ஊன்றப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இப்பிரிவின் சிந்தனையாளர் ஜான் பாஸ்டர் டல்லஸ். பொதுவுடைமை பரவாமல் தடுத்து நிறுத்தினால் போதும் என்ற ட்ரூமனின் கொள்கை எதிர்மறையானது, பயனற்றது, அறமற்றது என்று கட்சியின் தேர்தல் அறிக்கை சாடியது. அடிமைப்பட்ட நாடுகளை விடுவிப்பதே குறிக்கோள் என்று டல்லஸ் முழங்கினார். எப்படி விடுவிப்பது, எத்தனை பேரை அனுப்புவது என்பதை அவர் விளக்கவில்லை.

மாநாடும் தேர்தலும்

1952 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில் ட்ரூமன் செனட்டர் கெபாவரிடம் தோற்று, அத்திங்கள் 29இல் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஏப்ரலில் வேலை நிறுத்தம் நெருங்கிய உருக்காலைகளைப் போர்த் தேவையைக் காட்டி அரசுடைமையாகக் கைப்பற்றினார். ஜூன் 2இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று டாப்ட் சொல்லிவந்ததற்கு, உள்நாட்டுப் பொருளில், நீதிமன்றத்தின் வாயிலாகவே வலிமை கிடைத்தது.

ஆயினும் ஜூலையில் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு டாப்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. டெக்சாஸ் முதலிய மாநிலங்களின் பிரதிநிதிகள் யார் என்ற வழக்கில் ஐசனோவர் தரப்பு வென்றது. முதல் சுற்றில் ஐசனோவருக்கு 595 வாக்குகளும் டாப்டுக்கு 500 வாக்குகளும் விழுந்தன; வெற்றிக்குத் தேவை 604. மின்னசோட்டா மாநிலத்தார் தம் வாக்குகளை மாற்றவே ஐசனோவர் வேட்பாளரானார். துணைத் தலைவர் வேட்பாளர் ரிச்சர்டு நிக்சன். செப்டம்பர் 12இல் நியூயார்க்கில் டாப்டும் ஐசனோவரும் சந்தித்து உடன்பட்டனர். உள்நாட்டுச் செலவைக் குறைப்பதில் ஐசனோவர் இறங்கி வந்தார். வெளிநாட்டுக் கொள்கையில் வேறுபாடுகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு டாப்ட் அவருக்கு ஆதரவளித்தார். வேறுபாடு தீர்ந்துவிடவில்லை, அது ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

சனநாயகக் கட்சியின் வேட்பாளர் இல்லினாய் ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன். குடியரசுக் கட்சியினர் கொரியா, பொதுவுடைமை, ஊழல் என்னும் மூன்றையே முழக்கமாக்கினர். அக்டோபர் 24இல் டெட்ராயிட் நகரில் பேசிய ஐசனோவர், தாம் கொரியாவுக்கு நேரில் செல்லப் போவதாக அறிவித்தார். அந்த ஓர் அறிவிப்பு தேர்தலை முடித்து வைத்தது என்று கூறுவர். அதில் போரை விரிப்பேன் என்ற சொல்லும் இல்லை, முடிப்பேன் என்ற திட்டமும் இல்லை. டாப்டின் ஆதரவாளர் அதில் அமைதியைக் கண்டனர். மெக்கார்தரின் ஆதரவாளர் அதில் வெற்றியைக் கண்டனர். நவம்பர் 4இல் ஐசனோவர் ஏறத்தாழ 3 கோடியே 39 லட்சம் வாக்குகளும் ஸ்டீவன்சன் 2 கோடியே 73 லட்சம் வாக்குகளும் பெற்றனர். தேர்வாளர் வாக்குகள் 442க்கு 89. இருபது ஆண்டுகளாக நீடித்த சனநாயகக் கட்சியின் ஆட்சி முடிவுற்றது.

வெற்றிக்குப் பின்

டிசம்பர்த் தொடக்கத்தில் ஐசனோவர் சொன்னபடியே கொரியா சென்று திரும்பினார். 1951 ஜூலையிலேயே தொடங்கிய போர் நிறுத்தப் பேச்சு, நாடு திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலில் முடங்கிக் கிடந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் குன்றுகளுக்காகப் போரும் நடந்து, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கைதிகள் சிக்கலுக்கு வழி கண்டதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. வி.கே. கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் முன்வைத்த திட்டம் 1952 டிசம்பரில் நிறைவேறியது. உடன்பாடு ஏற்பட்டபின் அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியாவின் படைத்தலைவர் திம்மையா தலைமை தாங்கினார். சுமார் 23,000 கைதிகளை இந்தியப் படையினர் காவலில் வைத்து ஒழுங்குடன் கடமையாற்றினர்.

1953 மார்ச் 5இல் ஸ்டாலின் மறைந்தார். ஜூலை 27இல் பன்முன்ஜோமில் போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. ஐசனோவரின் அச்சுறுத்தலா, ஸ்டாலினின் மறைவா, எல்லோருக்கும் ஏற்பட்ட களைப்பா, எது அதற்குக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எல்லைக்கோடு போர் தொடங்கிய இடத்தின் அருகிலேயே நின்றது என்பதில் ஐயமில்லை. விடுதலை என்ற முழக்கம் ஈடேறவில்லை. மெக்கார்தர் கேட்ட வெற்றியும் வரவில்லை. இதே உடன்பாட்டில் ட்ரூமன் கையெழுத்திட்டிருந்தால் அதைச் சரணாகதி என்று குடியரசுக் கட்சியினர் தூற்றியிருப்பர். நோலந்து போன்ற சிலர் ஐசனோவரின் ஆட்சியிலும் குறை கூறவே செய்தனர். ஆனால் வென்ற படைத்தலைவரின் புகழுக்கு முன் அக்குரல் எடுபடவில்லை. உயிர்ச்சேதத்தை நிறுத்தியது ஐசனோவரின் அருஞ்செயல் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கான வழியைத் தேர்தலுக்கு முன் மக்களிடம் அவர் கூறவில்லை என்பதே என் கருத்து.

கேட்கப்படாத கேள்வி

போர் நிறுத்தம் ஏற்பட்ட நான்காம் நாள், ஜூலை 31இல், டாப்ட் புற்றுநோயால் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி என்னவாயிற்று? வெளிநாட்டு உடன்படிக்கைகளில் அரசின் அதிகாரத்தைக் குறைக்க அவருடைய மாநிலத்து செனட்டர் ஜான் பிரிக்கர் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தத்தின் ஒரு வடிவம் 1954 பிப்ரவரியில் ஒரே வாக்குக் குறைவால் தோற்றது. அதனை எதிர்த்தவர் அதே கட்சியின் குடியரசுத் தலைவர் ஐசனோவர். எனினும் 1955 ஜனவரியில் தைவான் நெருக்கடி எழுந்தபோது அவர் முன்கூட்டியே காங்கிரசின் இசைவைக் கேட்டுப் பெற்றார். ட்ரூமன் செய்யத் தவறியதைத் தாம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் டாப்டின் வாதத்துக்கும் பங்கிருந்தது எனலாம்.

1964 ஆகஸ்டில் வியட்நாமுக்காக ஜான்சன் பெற்ற தீர்மானமோ, இசைவு என்பது வெறுஞ்சடங்காகவும் ஆகக்கூடும் என்பதைக் காட்டியது. அதன் விளைவாகவே 1973 நவம்பரில், நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது. இதில் வியப்பு யாதெனில், பழமைவாதிகளின் தலைவராக விளங்கிய செனட்டர் கோல்டுவாட்டர் அச்சட்டத்தை எதிர்த்தார். தாராளக் கொள்கையினர் பலர் ஆதரித்தனர். இருபதாண்டுகளில் கட்சிகள் இடம் மாறி நின்றன. போர் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் இரு சாராருக்கும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

1952ஆம் ஆண்டுத் தேர்தலை ஆராய்ந்ததில் நான் கண்ட உண்மை இதுதான். போரில் அதிருப்தி கொண்ட மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். அது மக்களாட்சியின் வலிமை. ஆனால் போரை விரிப்பதா, நிறுத்துவதா, விலகுவதா என்ற மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. மூன்று குரல்களும் ஒரு கட்சியின் கூரையின் கீழ் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அவற்றுள் மிகவும் பயனுள்ளது, போர் தொடங்கிய மூன்றாம் நாளே டாப்ட் கேட்ட கேள்வி: ஒரு நாட்டைப் போருக்கு அனுப்பும் உரிமை ஒருவருக்கா, மக்களின் பிரதிநிதிகளுக்கா? அவருடைய ஏனைய கருத்துகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஐரோப்பாவைத் தனியே விட்டிருந்தால் நேர்ந்திருக்கக் கூடியவற்றை எண்ணிப் பார்த்தால் ஐசனோவரின் கொள்கையே மேலானது என்று தோன்றுகிறது. ஆனால் ஒருவருடைய விடைகள் தவறாக இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி சரியாக இருக்கக் கூடும்.

தேர்தல் மேடையில் ஒருவர் போரைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: எதற்காக, எதுவரை, யாருடைய இசைவோடு? எதிர்க்கட்சியினராய் இருக்கும்போது இவற்றைக் கேட்பவர் ஆளுங்கட்சியாகும்போதும் கேட்கிறாரா என்று பார்ப்பதும் நம் கடமை. வரலாறு பயில்வதன் பயன் தேதிகளை நினைவில் வைப்பதோடு முடிவதில்லை. இத்தகைய கேள்விகளை மறவாமல் வைத்திருப்பதும் அதன் பயனே.